அழாத பிள்ளை

ஆற்று வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், பரிசல்காரர்கள் மூன்று கைக்குழந்தைகளை மடத்தில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். இரண்டு பெண், ஒரு ஆண். மூத்தவளுக்கு மூன்று மாதம் இருக்கலாம். ஆண் பிள்ளைக்கு ஒரு மாதம்கூட நிரம்பவில்லை. பெற்றவர்கள் யாரும் மிஞ்சவில்லை.

மடத்தின் தலைவி பெருநங்கைக்கு வயது முப்பத்தைந்து. எல்லோரும் அம்மை என்றே அழைப்பார்கள். சீடர்கள் ஏழு பேர். வீடு வேண்டாம் என்று வந்தவர்கள். தொட்டில் துணிகளைப் பார்த்ததும் ஆறு பேர் தரையைப் பார்த்தார்கள்.

சேந்தன் மட்டும் முன்னால் வந்தார். ஐம்பத்திரண்டு வயதுக்காரர். முப்பது ஆண்டுகள் மலைக்கோட்டையில் காவல் தலைவராக இருந்தவர்.

"நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மை."

"குழந்தை வளர்த்த பழக்கம் உண்டா, சேந்தரே?"

"இல்லை. ஆனால் நானூறு பேரை வேளைக்கு உண்ண வைத்தேன், வேளைக்கு உறங்க வைத்தேன். இவர்கள் மூன்று பேர்தானே."

"சரி" என்றார் அம்மை.

அன்று மாலையே சேந்தன் முறை வகுத்தார். ஒரு நாளைக்கு ஆறு வேளை பால். வேளை வந்ததும் சிறு முரசு ஒலிக்கும். மூன்று பேருக்கும் பாலாடைச் சங்கில் பால் புகட்டுவார். மறுபடி முரசு ஒலித்தால் பால் முடிந்தது, தூக்கம். இடையில் அழுதால் யாரும் தூக்கக் கூடாது.

முதல் நான்கு நாள் மடத்தில் யாராலும் தியானத்தில் உட்கார முடியவில்லை. ஒரு சீடர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். இன்னொருவர் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். சேந்தன் தொட்டில்களுக்கு நடுவே முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். கைகளை முழங்காலில் அழுத்தி வைத்திருந்தார். தூக்கவில்லை.

ஆட்டுப்பால் கொண்டுவருகிறவள் சடைச்சி. ஆட்டுக்கிடையில் குடியிருப்பவள். அவளுக்கும் இடுப்பில் ஒரு பால்குடிப் பிள்ளை உண்டு.

"ஐயா, தொண்டை வத்திப் போவுதே. ஒரு வாய் குடுத்தா என்ன?"

"இன்னும் வேளை வரவில்லை."

"வேளை ஒங்களுக்குத் தெரியும். அந்த வயித்துக்குத் தெரியுமா?"

"தெரிய வைப்பேன்" என்றார் சேந்தன்.

ஐந்தாம் நாள் மூத்தவள் முறைக்கு வந்துவிட்டாள். முரசு கேட்டதும் வாயைச் சப்புவாள். இரண்டாவது முரசுக்குக் கண்ணை மூடுவாள். கன்னத்தில் சதை பிடித்தது. நடுவுள்ளவள் மட்டும் அடங்கவில்லை. முகம் சிவக்க, முஷ்டியை ஆட்டிக் கத்தினாள். ஆண் பிள்ளையின் அழுகை நாளுக்கு நாள் குறைந்தது. எட்டாம் நாள் அடியோடு நின்றது.

பன்னிரண்டாம் நாள் நண்பகலில் சேந்தன் அம்மையை அழைத்துவந்தார்.

"மூத்தவளைப் பாருங்கள். சொன்னபடி கேட்கிறாள். நடுவுள்ளவள் முரடு. இன்னும் பத்து நாளில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன். இவன்தான் மூன்று பேரிலும் முதல்வன். நான்கு நாளாக ஒரு சத்தம் இல்லை."

அம்மை ஆண் பிள்ளையின் தொட்டிலருகே குனிந்தார். பிள்ளை விழித்திருந்தான். அவர் முகத்தைத் தேடவில்லை. சுண்டுவிரலை அவன் வாயில் வைத்தார். உதடுகள் அசையவில்லை. தொடையின் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது.

"இவன் எவ்வளவு பால் குடிக்கிறான்?"

"எல்லோருக்கும் அளவு ஒன்றுதான், அம்மை."

"நீங்கள் கொடுத்ததைக் கேட்கவில்லை. அவன் குடித்ததைக் கேட்கிறேன்."

சேந்தன் யோசித்தார். "பாதியில் தூங்கிவிடுவான். மிச்சம் அப்படியே இருக்கும். அதற்குள் முரசு ஒலித்துவிடும்."

"ஈரத்துணி?"

"நேற்று ஒன்று." குரல் இறங்கியது. "இன்று துணி நனையவே இல்லை."

அம்மை தொட்டில் துணியை விலக்கினார். பிள்ளையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். முதல்முறையாகச் சேந்தனுக்கு அந்தக் கனம் தெரிந்தது. பால் புகட்டும்போது எத்தனையோ முறை அவன் தலையைத் தாங்கியிருக்கிறார். முழுசாகத் தூக்கியது இல்லை. ஒரு காய்ந்த சுரைக்காய் அளவுகூட இல்லை அவன்.

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"உட்காருங்கள். சட்டையைக் கழற்றிப் பிள்ளையை மார்போடு சேர்த்து வையுங்கள். உடம்பு குளிர்ந்திருக்கிறது."

சடைச்சிக்கு ஆள் போனது. அவள் ஓடிவந்தாள். தன் பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு இவனை மார்பில் போட்டுப் பார்த்தாள். அவனுக்குச் சப்பத் தெம்பில்லை. தன் பாலைப் பாலாடையில் பீய்ச்சி நீட்டினாள்.

"வாயில ஊத்திறாதீங்க, புரையேறிரும். உதட்டு ஓரமா ஒரு சொட்டு. முழுங்கினதும் இன்னொரு சொட்டு."

சேந்தன் ஒரு சொட்டு விட்டார். அது கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு இன்னொன்று விட்டார். அதுவும் வழிந்தது. ஐந்தாவது சொட்டில் தொண்டை அசைந்தது.

"முழுங்கிட்டான்" என்றாள் சடைச்சி.

வழக்கப்படி ஒரு சீடர் வந்து தூக்கத்துக்கான முரசை அடித்தார். சேந்தன் நிமிரவில்லை. அடுத்த தொட்டிலில் நடுவுள்ளவள் கத்தினாள்.

"அவளைத் தூக்கு, சடைச்சி."

"இன்னும் வேளை..."

"தூக்கு, தாயே."

மூன்று நாள் சேந்தன் அந்த இடத்தை விட்டு எழவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளைச் சீடர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். காதில் பஞ்சு வைத்தவரே நடுவுள்ளவளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார். சேந்தனுக்கு யாரோ கஞ்சி ஊட்டினார்கள். கண் அயர்ந்தால் சடைச்சி தோளைத் தட்டுவாள். பிள்ளை தூங்கினால் சேந்தன் உள்ளங்காலைச் சுண்டி எழுப்புவார். மறுபடி ஒரு சொட்டு.

இரண்டாம் நாள் பிள்ளையின் உடம்பு இன்னும் தளர்ந்தது. ஒரு சீடர் மெல்ல வந்து, "போகிற உயிரை ஏன் வருத்துகிறீர்கள்? விட்டுவிடலாமே" என்றார்.

"நான் விடமாட்டேன்" என்றார் சேந்தன். அடுத்த சொட்டை விட்டார்.

சற்று நேரம் கழித்து, யாரிடம் சொல்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு நான்கு மக்கள். நான் கோட்டையிலிருந்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் ஒரு பிடி வளர்ந்திருப்பார்கள். ஒருவர் தொண்டையும் இப்படி அசைந்து நான் பார்த்ததில்லை."

அம்மை பக்கத்தில்தான் இருந்தார். அந்தப் பிள்ளையின் துணியைத் தொட்டுப் பார்த்தார். "ஈரமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை சேந்தன் சொட்டு விடத் தாமதித்தார். பாலாடையில் விழுந்த எறும்பை எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை வாயைத் திறந்தான். முகம் சுருங்கியது. பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு ஒலி வந்தது. பிறகு கொஞ்சம் பெரிதாக. பிறகு அழுதான்.

சீடர்கள் எல்லோரும் ஓடிவந்து நின்றார்கள். சேந்தன் பாலாடையைக் கீழே வைத்துவிட்டு அந்த அழுகையைக் கேட்டார். தாடி நனைந்தது.

"அழுவுறான்ல, குடுங்க ஐயா!" என்று சடைச்சி அதட்டிய பிறகுதான் கை எழுந்தது.

மேலும் பத்து நாளில் பிள்ளை சடைச்சியின் மார்பில் சப்பிக் குடித்தான். தொடையில் மடிப்பு மறைந்தது. ஒரு பிற்பகல் சேந்தன் அவனைத் தூக்கிக்கொண்டு அம்மையிடம் வந்தார்.

"இன்று காலை முரசைக் கட்டி வைத்துவிட்டேன், அம்மை. இனி எனக்கு முறையே வேண்டாம்."

"காலையிலிருந்து மூத்தவள் தூங்காமல் சிணுங்குகிறாளே. அவளிடம் கேட்டீர்களா?"

சேந்தன் திகைத்தார்.

"அவளுக்கு மட்டும் முரசு அடிக்கிறேன். மற்ற இருவரும் அழும்போது கொடுக்கிறேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று ஊரே சொல்கிறது."

"அந்த நான்கு நாள் இவன் அழவில்லையே."

சேந்தன் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவர் மார்பு ரோமத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"வேளை என்றால் இவனைத் தவறவிட்டேன். அழுகை என்றாலும் தவறவிட்டிருப்பேன். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், அம்மை. அதை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை வேளை?"

அம்மை பிள்ளையின் பிடியிலிருந்து ரோமத்தை மெல்ல விடுவித்தார்.

"எந்தப் பிள்ளைக்கு, எந்த நாளைக்கு?" என்று கேட்டார்.