கைப்பையில் வந்த பள்ளிக்கூடம்

மைக் கையில் கிடைத்துவிட்டால் மாவட்டமே தன் பாட்டன் சொத்து என்பதுபோலப் பேசுவார் கல்வி அதிகாரி தில்லைநாயகம். அன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு அறிமுகப் பயிற்சி. காலையிலேயே வர வேண்டியவர் வெயில் ஏறிய பிறகு வந்து, பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு முழங்கினார்.

"என் மாவட்டத்துல எந்த வகுப்பும் ஒரு மணி நேரம்கூட டீச்சர் இல்லாம இருக்கக் கூடாது. இருந்தா மெமோதான்! சாயங்காலம்வரைக்கும் இந்த ஹாலை விட்டும் யாரும் நகரக் கூடாது."

கடைசி வரிசையிலிருந்து செவ்வந்தி எழுந்தாள். மலையடிவாரப் பள்ளி ஒன்றுக்கு அவள் ஒருத்திதான் டீச்சர். நேராக மேடைக்குப் போய், கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"எங்க ஸ்கூல், சார். நேத்து சாயங்காலம்தான் இந்த ட்ரெய்னிங்குக்கு வரச்சொல்லி உங்க ஆர்டர் வந்துச்சு. பூட்டிட்டுக் கையோட கொண்டு வந்துட்டேன். மெமோ யாருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, போய் உக்காந்துக்கறேன்."

ஹால் குலுங்கிச் சிரித்தது. இன்னொருவர் எழுந்து வந்து தன் பள்ளிச் சாவியையும் வைத்தார். பின்னாலேயே இன்னும் சிலர் வந்தார்கள். தில்லைநாயகம் பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒத்தை டீச்சர் ஸ்கூல்காரங்க எல்லாம் கிளம்புங்க."

கைதட்டல் காதில் ஒலிக்க, பஸ் மாறி பஸ் ஏறிச் செவ்வந்தி ஊர் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பூட்டிய கதவில் கரித்துண்டால் குண்டு குண்டாக எழுதியிருந்தது:

"எல்லாரும் வந்தோம். டீச்சர் ஆப்சென்ட்."