எந்த மருந்து?

முன்னொரு காலத்தில், கடலோரத்து நாடு ஒன்றைப் பரிதிகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பேசினால் போதும், தலை சுற்றிவிடும். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. இனிமேல் கடலில் எந்தக் கப்பலும் வெடிமருந்து ஏற்றக்கூடாது என்று பக்கத்துத் தீவு நாட்டோடு ஒப்பந்தம் போட வேண்டுமாம். ஆசையில் தப்பில்லை. போன வருஷச் சண்டையில் இரு கரையிலும் மீனவர் குடிசைகள் எரிந்து சாம்பலாகியிருந்தன.

தீவிலிருந்து தூதர் வந்தார். அவரும் மந்திரி பிரமராயரும் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஓலையில் வந்தது இவ்வளவுதான்: 'கப்பலில் மருந்து ஏற்றக்கூடாது, மருந்துக்குத் தடையில்லை.'

ராஜா அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஏற்றலாமா, கூடாதா என்று கேட்டார். முதல் மருந்து வெடிப்பது, இரண்டாவது நோய்க்குத் தருவது என்று விளக்கினார் மந்திரி. துறைமுகத்தில் நிற்கும் தம் கப்பலில் ஜாடி ஜாடியாக இருப்பது இரண்டாவது மருந்துதான் என்றார் தூதர். திறந்து பார்த்தால் கறுப்புப் பொடி. வைத்தியர் இடிக்கும் சூரணமும் கறுப்புதானே என்றார் தூதர். ராஜாவுக்கு அதுவும் சரியாகவே பட்டது. நெருப்பு வைத்துப் பார்க்கலாமா என்றால், நோயாளியின் மருந்தைக் கொளுத்துவது பாவம் என்றார்கள். அதுவும் சரியாகவே பட்டது.

விகடகவி கூத்தாண்டி மேல் மந்திரிக்கு வெகுநாள் எரிச்சல். இதுதான் சமயமென்று, விகடகவியே இதைத் தீர்த்து வைக்கட்டும், முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும் என்றார். குழம்பிப்போயிருந்த ராஜா தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் ஐயோ என்றிருந்தது. கூத்தாண்டி இல்லாத சபையில் தாம் யாரோடு சிரிப்பது?

கூத்தாண்டி ஓலையை வாங்கி, அடியில் ஒரு வரி எழுதினார். 'மருந்து என்று சொல்பவர், அதில் ஒரு கரண்டி உண்டு காட்ட வேண்டும்.'

"தேனில் குழைத்து வைத்திருக்கிறேன், தூதரே. உண்டபின் குளிரெடுத்தால் அடுப்போரம் அமரலாம்," என்றார் பணிவாக.

தூதர் கரண்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். முகம் வேர்த்துவிட்டது.

"நான் மட்டும் ஏன் உண்ண வேண்டும்? உங்கள் மந்திரியார் கப்பலிலும் இதே ஜாடிகள்தான். எனக்கு விற்றவரே அவர்தான்," என்றார்.

நம் மந்திரியா, நம் மருந்தா, அவர்களுக்கா என்று ராஜா தடுமாறினார். அதற்குள் கூத்தாண்டி இன்னொரு கரண்டியை எடுத்து மந்திரியின் வாயருகே நீட்டிவிட்டார். மந்திரி வாயை இறுக மூடிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் ராஜாவுக்கு எல்லாம் விளங்கியது.

மந்திரியின் பதவி போனது. எல்லா ஜாடிகளும் கடலில் கவிழ்ந்தன. இரு நாட்டு முத்திரைகளும் ஓலையில் விழுந்தன. அந்த நேரம் பார்த்து, ராஜாவின் வயிற்றுவலிக்கென்று அரண்மனை வைத்தியர் கறுப்பாக எதையோ கிண்ணத்தில் கொண்டுவந்தார்.

"இது என்ன, வைத்தியரே?"

"மருந்து, மகாராஜா."

"அப்படியானால் ஒப்பந்தப்படி முதல் கரண்டி உமக்கு."

கசப்பில் வைத்தியர் முகம் கோணியதும் ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தாண்டியின் கழுத்தில் போட்டார். வயிற்றுவலி எங்கே போனதென்றே தெரியவில்லை.