இரண்டு மீட்டருக்குக் கீழே

“கையால ஓட்டுனா ஓடுது டீச்சர். தன்னால ஓட மாட்டேங்கு.”

இதைச் சொல்ல இருதயராஜ் கடற்கரையிலிருந்து மூன்று பேருந்து மாறி மலைக்கு வந்திருந்தார். வயது ஐம்பத்தொன்று. ஜூன் மாதத்துக்கே ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டிருந்தார்.

ஆசிரியை வேதவல்லிக்கு முப்பத்து மூன்று. மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணினிகளோடு இருந்தார். அங்கே ஏசி தேவையில்லை. கணினியை இயக்கும் லினக்ஸ் கற்க வருகிறவர்கள் தங்கி, முறைவைத்துச் சமைத்து, கற்றுக்கொண்டு போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இருதயராஜும் அப்படிப் பதினைந்து நாள் இருந்து போனவர்.

“எது ஓடல?”

“அலை எச்சரிக்கை.”

மீன்வலை பின்னுகிற ஊர் வலைக்கூடத்தில் அவர் ஒரு கணினி வைத்திருந்தார். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அது மறுநாளின் அலை உயரத்தைக் கேட்டு வாங்கும். இரண்டு மீட்டரைத் தாண்டினால் நூற்று நாற்பது கைப்பேசிகளுக்குச் செய்தி போகும்: போகாதீர்கள்.

தாண்டாவிட்டால் செய்தி இல்லை. செய்தி இல்லாவிட்டால் வள்ளங்கள் போகும்.

திங்கட்கிழமை செய்தி இல்லை.

செவ்வாய் விடியலில் பதினொரு வள்ளங்கள் போயின. பத்து திரும்பின.

“யாரு?” என்றார் ஆசிரியை.

“என் தங்கச்சி மாப்பிள்ளை மிக்கேலு. கூட அவன் மகன். ஒரு டீசல் கேனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆறு மணி நேரம் தண்ணியில கெடந்திருக்காங்க. பக்கத்து ஊர் வள்ளம் தூக்கிட்டு வந்துச்சு.”

“இப்போ?”

“உசுரு இருக்கு. வள்ளம் இல்ல.” அவர் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். “ரெண்டு நாளா ஒருத்தரும் கடலுக்குப் போகல. நாளைக்கு எப்படியும் போவாங்க. மிக்கேலே இன்னொருத்தன் வள்ளத்துல போறேங்கான். இன்னைக்கு மூணு மணிக்கு மிஷின் சொல்லணும்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டியும் போவாங்க டீச்சர். அதுதானே பயமே.”

சுவரில் மணி பத்தரை.

“என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?”

“அணைச்சுப் போட்டேன். நேரத்தை மாத்திப் பாத்தேன். எழுதுன வரியை அழிச்சுட்டு அதே வரியைத் திரும்ப எழுதினேன். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சாரு.”

“மிஷின் மேலயா?” என்று கேட்டாள் கமருன்னிஸா. ஆறு மாதமாக அங்கே படிக்கிற பெண். மூன்று நாளாகச் சளி. பேச்சு மட்டும் குறையவில்லை.

“பக்கத்துல, தங்கச்சி.”

“அதான் பிழைச்சிருக்கு.”

ஆசிரியை சிரிக்கவில்லை. இருதயராஜின் மடிக்கணினி வழியாக ஊர்க் கணினிக்குள் போனார்.

“அது ஓடலன்னு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? செய்தி வரலையே!”

ஆசிரியை திரையை அவர் பக்கம் திருப்பினார்.

லினக்ஸில், குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தொடங்கிவைக்கிற ஒன்று உண்டு. அதன் பெயர் கிரான். அது எந்த வேலையை எப்போது தொடங்கியது என்பதைக் கணினி தன் பதிவேட்டில் எழுதிவைக்கும்.

திங்கள், மூன்று மணி: தொடங்கியது. செவ்வாய், மூன்று மணி: தொடங்கியது. நேற்று, மூன்று மணி: தொடங்கியது.

இருதயராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். எழுத்து மாறவில்லை.

“ஓடியிருக்கு!”

“ம்.”

“ஓடிட்டு ஏன் வாயைத் தொறக்கல? ஊமை மிஷினால்ல இருக்கு.”

ஆசிரியை அவர் கிரானில் எழுதியிருந்த வரியைத் திறந்தார். முதலில் ஒரு சுழி. அப்புறம் பதினைந்து, அதாவது பிற்பகல் மூன்று. அப்புறம் மூன்று நட்சத்திரங்கள். அதன்பின் நிரலின் பெயர். வரி அங்கே முடியவில்லை. இன்னும் கொஞ்சம் நீண்டது.

கமருன்னிஸா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“மூணு நட்சத்திரமும் நல்லாத்தான் இருக்குண்ணே. தோஷம் வேற எங்கயோ.”

ஆசிரியை வரியைக் கடைசிவரை படித்தார். பிறகு இருதயராஜைப் பார்த்தார்.

“அண்ணா, அந்த மஃப்ளரை வாயில கட்டுங்க.”

“குளிரு இப்போ பரவால்ல டீச்சர்.”

“குளிருக்கு இல்ல. இறுக்கமாக் கட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் அவுக்க வேண்டாம்.”

“மணி பத்தரை தாண்டிருச்சு! மூணு மணிக்குள்ள...”

“பாத்திரம் இன்னைக்கு உங்க முறை.”

முடிச்சைக் கமருன்னிஸாதான் போட்டாள். இரண்டு முடிச்சு.

குழாய் சமையலறைக்கு வெளியே, ஜன்னலை ஒட்டி இருந்தது. இருதயராஜ் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தார். ஐஸ் போன்ற தண்ணீர். ஒவ்வொரு பாத்திரம் கவிழ்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உள்ளே கமருன்னிஸா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். அடுப்பில் சோறு கொதித்தது.

பதினொன்று. பதினொன்றேகால்.

சோறு பொங்கி வழிந்தது. கஞ்சி அடுப்பில் விழுந்தது. தீ அணைந்தது.

இஸ்ஸென்ற சத்தம் மட்டும் நின்றபாடில்லை.

இருதயராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ம்ம்! ம்ம்ம்!”

“நல்ல ராகம்ணே,” என்றாள் கமருன்னிஸா, திரும்பாமலே. சளி அடைத்த மூக்குக்கு வாடை எட்டவில்லை.

“ம்ம்ம்ம்ம்!”

“சரி சரி. பாடிக்கிட்டே தேயுங்க.”

அவள் அப்பளம் பொரிக்க வாணலியை எடுத்துப் பக்கத்து அடுப்பில் வைத்தாள். லைட்டரைக் கையில் எடுத்தாள்.

இருதயராஜ் இரண்டு கையாலும் மஃப்ளரைப் பிடித்து மோவாய்க்குக் கீழே இழுத்தார்.

“கேஸ்! கேஸ் பிள்ளே! தொடாத!”

லைட்டர் கீழே விழுந்தது.

அவள் அடுப்புக் குமிழை மூடினாள். கதவைத் திறந்தாள். வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

“மொதல்லயே சொல்ல வேண்டியதுதானேண்ணே!”

“எம்புட்டு நேரமாச் சொல்லுதேன்! நீதானே வாயைக் கட்டி...”

இருதயராஜ் அப்படியே நின்றார்.

கையிலிருந்து சாம்பல் தண்ணீர் சொட்டியது.

பிறகு ஓடினார். ஐம்பத்தொரு வயது மனிதர் ஈரக் காலோடு சிமென்ட் தரையில் அப்படி ஓடியதை அந்தத் தொழிற்சாலை பார்த்திருக்காது.

ஆசிரியை நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார்.

திரையில் அதே வரி. நட்சத்திரங்களுக்கு அப்பால், நிரலின் பெயருக்கும் அப்பால், வரியின் வால். அந்த வேலை என்ன சொன்னாலும், என்ன புலம்பினாலும், எல்லாவற்றையும் டெவ் நல்லில் கொட்டு என்று அது சொன்னது. டெவ் நல் என்பது லினக்ஸில் அடியில்லாத கிணறு. போட்டது போட்டதுதான்.

“இதை யாரு எழுதினா?” என்று கேட்டார் ஆசிரியை.

“நான்தான்.”

“எதுக்கு?”

“தெனமும் எனக்கு ஒரு கடுதாசி போட்டுக்கிட்டே இருந்துச்சு டீச்சர். ஓடினேன், முடிச்சேன், ஓடினேன், முடிச்சேன்னு. நொய்யி நொய்யின்னு. எவன் படிக்கிறது?”

ஆசிரியை விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

இருதயராஜ் வாலை வெட்டினார். வேலையை ஒவ்வொரு நிமிடமும் ஓடும்படி மாற்றினார். மூவரும் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிமிடம் திரும்பியது. கணினியின் அஞ்சல் பெட்டியில் ஒரு கடிதம்.

அலையளவு: அப்படி ஒரு கட்டளை கிடைக்கவில்லை.

“பொய்!” என்றார் இருதயராஜ். “அலை உயரத்தை வாங்கித் தர்ற கட்டளை, அது இருக்கு. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் நானே என் கையால வச்சேன். பழசு சரியா வாங்கித் தரலன்னு புதுசு வச்சேன். இங்க பாருங்க.”

அலையளவு என்று தட்டினார். உடனே ஓடியது. எண்ணைச் சொன்னது.

“இருக்குல்ல?”

“உங்களுக்கு இருக்கு.”

“எனக்கு இருந்தா அதுக்கும் இருக்கணும்ல?”

ஆசிரியை கமருன்னிஸாவின் பக்கம் திரும்பினார்.

“கமரு, மிக்கேல் வீட்டுக்குப் போய் ஒரு தகவல் சொல்லிட்டு வா.”

“எந்த மிக்கேலு? எந்த ஊரு? எந்தத் தெரு?”

“மிக்கேல் வீடு,” என்றார் ஆசிரியை மறுபடியும்.

“எங்க ஊர்ல வந்து மிக்கேலுன்னா சின்னப் பிள்ளையும் காட்டுமே,” என்றார் இருதயராஜ்.

“உங்க ஊர்ல.”

“ஆமா, எங்க ஊர்ல...” இருதயராஜ் திரையைப் பார்த்தார். “அப்போ கிரான் எங்க ஊர்க்காரன் இல்லையா?”

“அதுக்கு ரெண்டு தெருதான், ரெண்டு கோப்புறைதான் தெரியும். புதுசை நீங்க எங்க வச்சீங்க?”

இருதயராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மூணாவது தெருவுல.”

அவர் நிரலில் இருந்த வெறும் பெயரை அழித்தார். வேரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கோப்புறையாகப் பெயர் சொல்லி, முழு முகவரியை எழுதினார். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்தார்.

அடுத்த நிமிடம் அடுத்த கடிதம்.

நாளை அலை ஒன்று புள்ளி நான்கு. எச்சரிக்கை தேவையில்லை.

கமருன்னிஸா கை தட்டினாள். “ஊமை பேசிருச்சு!”

இருதயராஜ் வேலையை மறுபடி மூன்று மணிக்கு மாற்றிவைத்தார். அப்புறம் திடீரென்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். குருத்தோலைக்கு முந்தின வாரம். பாஸ்கா என்கிற ஈஸ்டர். மே முழுக்க. ஜூனில் இதுவரை.

“அறுபத்தெட்டு நாளு,” என்றார் மெதுவாக. “அறுபத்தெட்டு நாளாச் செத்துக் கெடந்திருக்கு. திங்கக்கெழமை வரைக்கும் அலை ஒரு நாளும் ரெண்டைத் தாண்டல. அதனால எவனுக்கும் தெரியல.”

“சாப்பிடலாம்,” என்றார் ஆசிரியை.

சோறு குழைந்திருந்தது. அப்பளம் இல்லை. இருதயராஜ் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு மூவரும் திரையின் முன் இருந்தார்கள். கடிதம் வந்தது. ஓடினேன், அலை ஒன்று புள்ளி நான்கு, எச்சரிக்கை தேவையில்லை, முடித்தேன்.

இருதயராஜ் எழுந்து கைகூப்பினார். “வாறேன் டீச்சர். நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சிருவேன்.”

அவர் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் காற்றும் பெண்களின் பேச்சும் கேட்டன.

“மச்சான், மிக்கேலு பேசுதேன். மூணு அஞ்சு ஆச்சு. இங்க வலைக்கூடத்துல நாப்பது பேரு போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கோம். ஒண்ணும் வரலையே?”

“வராதுடே! அலை கம்மி. ஒண்ணு புள்ளி நாலுதான். அதான் மிஷினு சும்மா இருக்கு. எல்லாம் சரியாயிட்டு.”



“மச்சான்.”

“சொல்லு.”

“திங்கக்கெழமையும் சும்மாதானே இருந்துச்சு.”

இருதயராஜ் திரையைப் பார்த்தார்.

ஆசிரியையைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியே, மேகம் இறங்குகிற சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வையி. ஒரு கால் மணி நேரம் அங்கேயே நில்லுங்க. எவனையும் வீட்டுக்கு விடாத.”

பையை இறக்கிவைத்தார். உட்கார்ந்தார். தன் நிரலைத் திறந்தார். இரண்டு மீட்டரைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. தாண்டாவிட்டால் என்ற இடத்தில் எதுவும் இல்லை.

அங்கே எழுதினார்.

கமருன்னிஸா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆசிரியை கண்ணைக் காட்டினார்.

இருதயராஜ் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எழுதி முடித்ததை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். நேரத்தை மூன்று இருபது என்று வைத்தார். காத்திருந்தார்.

மூன்று இருபத்தொன்றுக்குக் கைப்பேசி அடித்தது. பின்னால் டிங் டிங்கென்று ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண், படி படி, சத்தமாப் படி என்றாள்.

“வந்துருச்சு மச்சான்! நாளை அலை ஒண்ணு புள்ளி நாலு மீட்டர், போகலாம்னு போட்டிருக்கு.”

“ம்.”

“நாளைக்கும் இப்படிச் சொல்லுமா?”

“தெனமும் சொல்லும். மூணு மணிக்கு,” என்று நேரத்தை மறுபடி மூன்றுக்கு மாற்றினார் இருதயராஜ்.

“சொல்லாட்டி?”

“வள்ளத்தைத் தள்ளாத.”