கீழ்த்தெருவுக்குத் தள்ளிய சேறு

ஒரு பட்டணம் இருந்தது, பிள்ளைகளே. ஒரு தெருவில் பேசும் மொழி அடுத்த தெருவுக்குப் புரியாது; அவ்வளவு பெரிய பட்டணம். மேட்டில் நகை வணிகர்கள். அவர்களுக்குக் கீழே தெலுங்கு பேசும் நெசவாளர்கள். அதற்கும் கீழே உருது பேசும் குதிரை வியாபாரிகள். கடைக்கோடியில் பானை வனைபவர்கள். அத்தனை தெருக்களின் வழியாகவும் ஒரே கால்வாய் ஓடியது. அவரவர் தெருக் கால்வாயை அவரவரே தூர் வார வேண்டும் என்பது அங்கே வழக்கம். நல்ல வழக்கம்தானே என்கிறீர்களா? பொறுங்கள். வாரிய சேற்றைக் கரையேற்றாமல், மண்வெட்டியால் கீழ்த்தெருப் பக்கம் தள்ளிவிடுவதும் அங்கே வழக்கம்!

அந்தப் பட்டணத்து ராஜா பூமிநாதர், நகரத்துக்குத் தலைமை தாங்க ஆள் வேண்டுமென்று ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். அங்கே கற்பித்தது என்ன? மாலைக்குக் கழுத்தை நீட்டுவது எப்படி, பல்லக்கில் சாய்வது எப்படி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே நெடுநேரம் பேசுவது எப்படி. கால்வாயைப் பற்றி ஒரு பாடமாவது? மூச்சு விடவில்லை! அந்தப் பள்ளியில் முதலாவதாகத் தேறியவர் மேட்டுத்தெருக் கனகசபாபதி. பட்டணத்திலேயே பளிச்சென்றிருப்பது அவருடைய தெருதான் என்று, அவரையே நகரத் தலைவராக்க நாளும் குறித்தாயிற்று. சிரிக்காதீர்கள், கேளுங்கள்.

கடைக்கோடித் தெருவில் செங்கமலம் என்றொரு பெண் பானை வனைந்து பிழைத்தாள். மேலேயிருந்து வந்த சேறெல்லாம் அவள் வாசலில் அடைத்துக்கொள்ள, தண்ணீர் சூளைக்குள் புகுந்துவிட்டது. இன்னொரு மழை பெய்தால் சூளையும் போய்விடும், வீடும் போய்விடும். ஆகவே அவள் மேலே ஏறிப் போனாள்.

குதிரைக்காரர் தெருவில், "பாய், உங்க சேறு எங்க வாசல்ல நிக்குது" என்றாள்.

"எங்க தெருவுல சேறு இருக்கா, பாரும்மா! மேலே போய்க் கேளு."

நெசவாளர் தெருவில், "அக்கா, உங்க சேறு எங்க வாசல்ல நிக்குது" என்றாள்.

"மா வீதி சூடம்மா, எங்க தெருவைப் பாரு, எவ்வளவு சுத்தம்! மேலே போய்க் கேளு."

மேட்டுத்தெருவில், "ஐயா, உங்க சேறு எங்க வாசல்ல நிக்குது" என்றாள்.

"எங்களுக்கு மேலே வானம்தான் இருக்கு. அதைப் போய்க் கேளு!" என்றார் கனகசபாபதி.

வானத்தையா கேட்பாள்? நேரே அரண்மனைக்குப் போய் ராஜாவைக் கேட்டாள்.

ராஜா கனகசபாபதியை வரவழைத்து, "நகரத் தலைவராகப் போகிறவரே, இதற்கு என்ன செய்யலாம்?" என்றார்.

"கடைக்கோடித் தெருக்காரர்களுக்குச் சுத்தத்தின் அருமை தெரியவில்லை, மகாராஜா. நானே போய் ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறேன்."

அடுத்தவர் சேற்றில் முழங்கால் புதைய நிற்பவளுக்குச் சுத்தத்தைப் பற்றிச் சொற்பொழிவாம்! எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்லுங்கள்.

ராஜாவுக்கே பொறுக்கவில்லை. "நீ என்னம்மா சொல்கிறாய்?" என்றார்.

"வழக்கத்தைக் கொஞ்சம் மாத்துங்க, ராஜா. இனிமே யாரும் தன் தெருவை வாரக் கூடாது. தனக்குக் கீழே இருக்கிற தெருவைத்தான் வாரணும். கடைசித் தெருக்காரங்க நாங்க, எங்களுக்குக் கீழே யாருமில்ல. நாங்க மேட்டுத்தெருவை வாரறோம்."

அவ்வளவுதான். ராஜா அன்றே தண்டோராப் போடச் சொன்னார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். பட்டணத்திலேயே அதிகச் சேற்றைத் தள்ளியவர் யார்? கனகசபாபதி. அதெல்லாம் முதலில் போய் விழும் இடம் எது? நெசவாளர் தெருக் கால்வாய். இப்போது அதை வார வேண்டியவர் யார்? அவரேதான்! பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கினார். கரையில் நின்ற நெசவாளர் வீட்டுப் பெண், "ஏமண்டி, அந்த மூலையில இன்னும் இருக்கு, பளிச்சுன்னு வாருங்க!" என்றாள். அதற்குப் பின் எந்தத் தெருவும் தன் கால்வாயிலிருந்து கீழே ஒரு கூடைச் சேறுகூடத் தள்ளவிடவில்லை. தள்ளவிட்டால், கீழ்த்தெருவில் இறங்கி அதையும் தானேதான் வார வேண்டும்!

செங்கமலத்தின் சூளை காய்ந்தது. நகரத் தலைமையை ராஜா அவளுக்கே கொடுத்தார். பள்ளிக்கூடத்தையும் அவளே ஏற்றுக்கொண்டு, முதல் பாடத்தைக் கால்வாய்க்குள் வைத்தாள். பல்லக்குப் பாடம் படித்தவர்கள் பாதிப்பேர் அன்றே ஓடிப்போனார்கள்.

ஊரை ஆள விரும்புகிறவர், தம் சேறு யார் வாசலில் போய் நிற்கிறது என்று முதலில் பார்க்கட்டும். சேறு கரையேறியது, கதை கரைசேர்ந்தது. காலைக் கழுவிக்கொண்டு போய்ப் படுங்கள்.