அடுப்பு மேடைக் கொட்டாங்கச்சி

பனங்காட்டு ஓரத்துப் புற்றில் ஒரு கீரிக் குடும்பம் வாழ்ந்தது. பெரிய குடும்பம். விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அடுப்பு அணையாது. ஒருவன் நண்டைக் கொண்டுவந்து போடுவான், இன்னொருத்தி முட்டை கேட்டு நிற்பாள். அத்தனையையும் ஒற்றை ஆளாகச் சமாளித்தவள் அங்காயி என்ற தாய்க்கீரி. கெட்டிக்காரிதான். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கவலை மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தூக்கல்.

அந்த வீட்டு அடுப்பு மேடையின் வலது மூலையில் ஒரு கொட்டாங்கச்சி இருக்கும். அதற்குள் மண்ணும் பிசுக்குமாய்க் கீரிப்பூண்டு வேர். பாம்புக்கடிக்கு அதுதான் மருந்து. விஷம் ஏறினால் முதலில் கண் மங்கும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் அகப்படும் இடத்தில் அது இருக்க வேண்டும், எவரும் நகர்த்தக் கூடாது என்பது கீரிகளின் வழக்கம்.

மூத்தவள் சொர்ணத்தைப் பெண் பார்க்க வருவதாக ஆலங்காட்டுக் கீரிகள் சொல்லி அனுப்பின. கீரி வீட்டில் சம்பந்தம் பேசப் பாம்புக்கறி இல்லாமல் முடியுமா? அங்காயியின் புருஷன் மாயாண்டி காலையிலேயே வேட்டைக்குக் கிளம்பிவிட்டான். அங்காயி சமையல்கட்டைப் பார்த்தாள். எங்கே திரும்பினாலும் சட்டி, எங்கே திரும்பினாலும் நண்டு ஓடு. ஐயோ, மானம் போகுமே என்று பதறினாள். ஒவ்வொன்றாய் எடுத்து வைக்கப் பொறுமை ஏது? எல்லாவற்றையும் வாரிப் பின்வளைக்குள் தள்ளி, ஒரு பனையோலையைச் சாத்தி மறைத்தாள். கடைசியில் கொட்டாங்கச்சி கண்ணில் பட்டது.

"அம்மா, அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் சொர்ணம்.

"இந்த அழுக்கப் பாத்தா உன்ன எவன்டி கட்டுவான்? அவங்க போனதும் வச்சுக்கலாம்!"

அதுவும் ஓலைக்குப் பின்னால் போனது. மேடையைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினாள். விருந்தாளிகள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பேச்சியம்மாள் சுற்றிலும் பார்த்துவிட்டு, இத்தனை பேர் புழங்கும் வீட்டில் இப்படி ஒரு சமையல்கட்டா என்று மெச்சினாள். அங்காயிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாயாண்டி தள்ளாடிக்கொண்டு வந்தான். தோளில் நாகத்தின் பல் பதிந்திருந்தது. வந்தவர்களை அவன் பார்க்கவில்லை; அவனுக்குக் கண்ணே தெரியவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் வலது மூலையில் கை வைத்தான். வெறும் மேடை. மறுபடியும் தடவினான்.

"அங்காயி, வேர் எங்க?"

அவள் ஓலையைப் பிடுங்கி எறிந்து பின்வளைக்குள் பாய்ந்தாள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இங்கேயோ மலை மாதிரிக் குவியல். உடைந்த ஓடு வந்தது, நத்தைக்கூடு வந்தது, புளிச்சட்டி கவிழ்ந்தது. வேர் மட்டும் வரவில்லை. பாவி நானே என் புருஷனைக் கொன்றுவிட்டேனே என்று கதறினாள்.

பேச்சியம்மாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தக் குப்பைக்குள் தானும் இறங்கினாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கங்க மதினி. நீங்க அந்தப் பக்கம் தேடுங்க."

யார் கண்ணில் படக்கூடாது என்று மறைத்தாளோ, அந்தப் பேச்சியம்மாள் கையாலேயே எல்லாம் வெளியே வந்து விழுந்தது. அங்காயிக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. வெகுநேரம் கழித்துக் கொட்டாங்கச்சி சொர்ணத்தின் கையில் தட்டுப்பட்டது. வேரை மென்று மாயாண்டியின் வாயில் ஊட்டினார்கள்.

உயிர் தங்கியது. பார்வை திரும்பவில்லை.

சொர்ணத்துக்கு அந்தச் சம்பந்தமே அமைந்தது. மாயாண்டி அதன்பின் வேட்டைக்குப் போகவில்லை. சமையல்கட்டில் தடவித் தடவித் தண்ணீர் மொள்ளுவான், உப்பு எடுப்பான். எதுவும் இடம் மாறியிருக்காது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும்வரை அங்காயி யாரையும் விடமாட்டாள். எந்தப் பெரிய விருந்தாளி வந்தாலும் அந்த அழுக்குக் கொட்டாங்கச்சி மேடையிலேயே இருக்கும். அடுப்பை அணைக்குமுன் புருஷன் கையைப் பிடித்து அதன்மேல் வைப்பாள்.

"இருக்குடி. நீ போய்ப் படு" என்பான் அவன். தினமும் அதைத்தான் சொல்வான். தினமும் அவள் கண் நிறையும்.

பார்க்கிறவர் கண்ணுக்கு மறைத்து வைப்பது ஒழுங்கல்ல. தேடுகிறவர் கைக்குக் கிடைப்பதே ஒழுங்கு.