பூந்திக் கொட்டை கறுத்த நாள்

அந்தக் காலத்தில் மரமும் அணிலும் மனிதரோடு பேசும். பூந்தி மரத்தின் பழம் அப்போது தேனாக இனிக்கும். அதன் கொட்டை பால்போல வெள்ளையாக இருக்கும்.

மலையடிவாரத்தில் மாரப்பன் என்றோர் உழவன் இருந்தான். அவன் மனைவி பவளாயி. தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை. மாரப்பனின் தங்கை அங்காயியும் அவர்களோடுதான் இருந்தாள். ஒருநாள் அவள் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். கால் வழுக்கிவிட்டது என்று ஊரார் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் உச்சிப் பொழுதில், வாசற்படியில் ஈரக் காலடி ஒன்று தெரிந்தது. பவளாயி துடைத்தாள். ஈரம் போயிற்று, கறை போகவில்லை. கன்னங்கரேலென்று ஒரு பெண்ணின் பாதம். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். சாணம் போட்டு மெழுகினாள். மெழுகியது காய்ந்ததும் கறை அடியிலிருந்து மேலே வந்தது.

அடுத்த நாள் அதே நேரத்தில் வீட்டுக்குள் இன்னொரு காலடி. அதற்கடுத்த நாள் இன்னொன்று. எல்லாம் தொட்டிலைப் பார்த்தே நடந்தன. ஏழாம் நாள் தொட்டிலுக்கு ஓர் எட்டு வைக்கும் தூரம்தான் மிச்சம். குழந்தை, ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தது.

பவளாயி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். பூந்தி மரத்தடியில் விழுந்தாள்.

“தாயே, என் வீட்டுக் கறையைப் போக்கு!”

“அது யார் காலடி?” என்று மரம் கேட்டது.

“எனக்குத் தெரியாது.”

“தெரியாதென்றால் போகாது.”

பவளாயி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்:

“அன்னைக்குக் காலையில எனக்கும் அங்காயிக்கும் சண்டை. கிணத்துல இருந்து ‘அண்ணி, அண்ணி’ன்னு கூப்பிட்டா. என் காதுல விழுந்துச்சு. கூப்பிட்டாக் கூப்பிடட்டும்னு மாவு அரைச்சுக்கிட்டே இருந்துட்டேன். அப்புறம் சத்தமே இல்ல.”

மரம் சொன்னது: “என் பழத்தை ஊறவைத்துக் கசக்கித் தரையில் ஊற்று. இப்போது சொன்னதை அவள் அண்ணன் காது கேட்கச் சொல். கறையை நான் வாங்கிக்கொள்கிறேன்.”

“வேண்டாம்!” என்று கிளையிலிருந்த அணில் கத்தியது. “வாங்கினால் அது உன்னை விட்டுப் போகாது!”

“பச்சைக் குழந்தை இருக்கிறதே” என்றது மரம்.

பவளாயி அப்படியே செய்தாள். மாரப்பனை நிறுத்தி வைத்து, நடந்ததைச் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். தண்ணீர் வெள்ளையாகப் பொங்கியது. அப்படியொரு நுரையை இருவரும் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு குமிழி உடையும்போதும், நீருக்கடியில் அடைபட்ட மூச்சு வெளியே வருவதுபோல ஒரு சத்தம். கடைசிக் குமிழி உடைந்தபோது தரையில் காலடி இல்லை.

மாரப்பன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை, தங்கைக்கு ஏற்றி வைக்க ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினான். வாசலில் நின்று திரும்பாமலே, “நீயும் வா” என்றான்.

கொல்லையில் அணில் ஒரு பழத்தைக் கடித்துவிட்டு, துப்பிக்கொண்டே ஓடியது.

அன்று முதல்தான் பூந்திப் பழம் கசக்கிறது, உள்ளே கொட்டை கறுத்துக் கிடக்கிறது. ஊறவைத்துக் கசக்கினால் நுரை பொங்கி, யார் வீட்டு அழுக்கானாலும் வாங்கிக்கொள்கிறது.