ஊசியப்பன் முதுகில் ஆவாரம்பூ

கலகல, கலகல. மூன்று மழைக்காலத்துக்கு முன் கேட்ட சத்தம் அது. ஒரு காட்டில் வாழ்ந்த ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றியின் காதை விட்டு அது போகவே இல்லை. மகள் ஊசிமல்லி கல்யாணமாகி ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டுக்குப் போன அன்று, அவளுடைய வால்முட்கள் ஒன்றோடொன்று உரசிய சத்தம். நாணல் அவளை மறைத்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான்.

மாசி மாதத்தில் ஒரு காலை, துள்ளாயி என்ற வாலாட்டிக் குருவி சேதி கொண்டுவந்தாள். வருஷத்துக்கு வருஷம் பல நாடுகளைச் சுற்றி வருகிறவள் அவள்.

“அண்ணே, உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் கிழங்கு இல்லை. கூட்ட நெரிசலில் மிதிபட்டு மாப்பிள்ளைக்குக் காலில் அடி. ஊசிமல்லியோ பச்சை உடம்புக்காரி. தோண்டிப் போட ஆள் இல்லை.”

“கூட்டமா? என்ன கூட்டம்?” என்று ஊசியப்பன் ஆவலாகக் கேட்டார்.

“பேத்தி யார் சாடை என்று கேட்பீர்கள் என்றுதான் நினைத்தேன்” என்றாள் துள்ளாயி. “அக்கரைச் சிங்கராஜா இறந்துபோனார். அவர் இடத்துக்குப் புலியும் கரடியும் அடித்துக்கொள்கின்றன. புலியின் ஆட்கள் மஞ்சள் ஆவாரம்பூ சூடுகிறார்கள். கரடியின் ஆட்கள் சிவப்பு முருக்கம்பூ. ஒரு நிறத்தைக் கண்டால் இன்னொரு நிறத்துக்குப் பல் நீளுகிறது.”

ஊசியப்பன் உடனே எழுந்தார். வள்ளிக்கிழங்குகளைத் தோண்டி, தேக்கிலையில் சுற்றி, கொடியால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பசியோடு கிடக்கும் மகளிடம் அந்தி சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவர் நினைப்பு.

துள்ளாயியும் கூடப் புறப்பட்டாள்.

அக்கரை ஏறியதும் அவள் சொன்னாள்: “நான் பறந்து போய் வழி பார்த்துவருகிறேன். அதுவரை இந்தக் காரைப்புதரை விட்டு வெளியே வரக்கூடாது. கூட்டம் வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.”

“என்னை யார் என்ன செய்ய முடியும், துள்ளாயி? உடம்பெல்லாம் ஈட்டி.”

“ஈட்டி முதுகில் இருக்கிறது. கண் முன்னால் அல்லவா இருக்கிறது? எனக்கு அந்தக் கண்ணைப் பற்றித்தான் கவலை.”

அவள் போன சற்று நேரத்தில் முழக்கம் கேட்டது. புலியின் ஊர்வலம். மான்கள் வரிசையாக வந்தன. மயில்கள் ஆடின. ஆலமரக் கிளைகளில் குரங்குகள் கூடை கூடையாகப் பூவோடு காத்திருந்தன. ஊசியப்பன் புதருக்குள்ளிருந்து மூக்கை நீட்டினார். சரியாகத் தெரியவில்லை. ஓர் அடி வைத்தார். பிறகு இன்னோர் அடி. ‘ஒரே நிமிஷம்தானே’ என்று ஆலமரத்தடிக்கே வந்துவிட்டார்.

குரங்குகள் பூவைக் கொட்டின. ஊர்வலம் நகர்ந்தது. “அருமையான காட்சி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவர் புதருக்குத் திரும்பினார்.

வழியிலேயே நான்கு காட்டுப்பன்றிகள் அவரை மறித்தன. ஒவ்வொன்றின் காதிலும் முருக்கம்பூ. தலைவன் பெயர் கொம்பையா.

“யார் பக்கம் நீ?”

“யார் பக்கமும் இல்லை, அண்ணாச்சி. வெளியூர்க்காரன். மகளைப் பார்க்கப் போகிறேன்.”

“அப்படியா? முதுகில் என்ன?”

“முள்.”

“முள்ளுக்கு மேலே?”

ஊசியப்பன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். முதுகு தெரியவில்லை. பயத்தில் அவருடைய முட்கள் எழுந்து நின்றன. ஒவ்வொரு முள் நுனியிலும் ஓர் ஆவாரம்பூ. அலங்கரித்த தேர் ஒன்று பொய் சொல்வதுபோல, “நான் யார் பக்கமும் இல்லை” என்று மறுபடியும் சொன்னார்.

கொம்பையா கோரைப்பல்லைத் தாழ்த்தினான். மற்ற மூன்றும் நெருங்கின.

அப்போதுதான் துள்ளாயி வந்து இறங்கினாள். நிலைமை அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் ஊசியப்பனைப் பார்க்கக்கூட இல்லை.

“ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா?” என்றாள் கொம்பையாவிடம். “நீங்கள் பூவை எங்கே சூடியிருக்கிறீர்கள்?”

“காதில்.”

“இவர் காதில் ஒரு பூவாவது இருக்கிறதா? எல்லாம் மேலிருந்து விழுந்து குத்திக்கொண்டவை. வேண்டுமானால் இவர் கை முதுகுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள்.”

கொம்பையா யோசித்தான். “எங்கே, ஒரு பூவை எடு பார்ப்போம்.”

ஊசியப்பன் முன்னங்காலை வளைத்தார். எட்டவில்லை. இடப்பக்கமாகச் சுற்றினார். வலப்பக்கமாகச் சுற்றினார். மல்லாந்து பார்த்தார்; முள் மண்ணில் ஊன்றிக்கொண்டது. கால்கள் நான்கும் வானத்தைப் பார்த்து உதைத்தன.

பன்றிகள் சிரிக்கத் தொடங்கின. ஒன்று சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டது.

“இவன் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அந்தப் பக்கத்துக்குத்தான் நஷ்டம்” என்றான் கொம்பையா. “போ. ஆனால் அந்தக் கிழங்கு இங்கேயே இருக்கட்டும்.”

துள்ளாயி கடைசிப் பூவைக் கொத்தி எடுக்கும்போது பன்றிகள் கடைசிக் கிழங்கைத் தின்று முடித்திருந்தன. அதன் பிறகு இருவரும் ஊர்வலப் பாதையைச் சுற்றிக்கொண்டு, ஓடைக்குள் இறங்கி, யாரோடும் பேசாமல் நடந்தார்கள்.

அந்தி சாயும் வேளையில் வளை வாசலில் ஊசிமல்லி நின்றிருந்தாள். மிகவும் மெலிந்திருந்தாள்.

“வெறுங்கையோடு வந்திருக்கிறேன், அம்மா” என்றார் ஊசியப்பன். “வழியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன்.”

“நகம் இருக்கிறதா, அப்பா?”

“இருக்கிறது.”

“அப்படியானால் உள்ளே வந்து முதலில் உங்கள் பேத்தியைப் பாருங்கள். பிறகு தோண்டலாம்.”

பேத்தியின் முட்கள் இன்னும் பஞ்சுபோல இருந்தன. ஊசியப்பன் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தோண்டப் போனார்.

பங்குனியில் துள்ளாயி வடக்கே பறந்து போனாள். சண்டையில் ஆற்றுத்துறை அடைபட்டுவிட்டது. அது திறக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதன் பிறகுதான் ஊசியப்பன் தன் காட்டுக்குத் திரும்பினார்.

குழந்தைகளே, இதன் நீதி: கலகம் நடக்கும் அயலூரில் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள், நின்று பார்த்தவனையும் கூட்டத்தோடு சேர்த்தே எண்ணுவார்கள்.